அடி கீழே, நுனி மேலே

சிங்கப்பூர் பூன் லேயில் எனக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் குடியிருக்கிறாள். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை. போன மாதம் ஒரு தடிமனான மாதிரிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க அந்தக் காலத்துல வுட் பேனல் வேலைதானே பாத்தீங்க? இதுல எது நல்லா இருக்குன்னு சொல்லுங்களேன். கஸ்டமர் ஃபீச்சர் வால் கேக்கறாங்க லா, ஒரு சுவரு மட்டும் எடுப்பாத் தெரியணுமாம்" என்றாள்.

புரட்டிப் பார்த்தேன். மரம் இல்லை, மரத்தைப் படம் பிடித்து அச்சடித்த தகடு. குறை சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. கரையான் வராது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். அன்றைக்கு எங்களுக்கு இது கிடைத்திருந்தால் நாங்களும் சந்தோஷமாக வாங்கியிருப்போம். ஒன்று மட்டும் கேட்டேன். "இதுல எது மேல, எது கீழ?"

அவள் பக்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எப்படி வேணா ஒட்டலாம் ஆன்ட்டி. ரெண்டும் ஒண்ணுதான்."

மேல் எது, கீழ் எது என்ற அந்த ஒரு விஷயம் எங்கள் கடையை ஒருமுறை என்ன பாடுபடுத்தியது என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு ஃபோன் வந்துவிட்டது. ஆரம்பித்த பேச்சை விழுங்கிவிட்டு உட்காரும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மர வேலைக்கு வந்ததே துணிக்கடை வழியாகத்தான். ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, ரவிக்கைக்கு ஏற்ற நூல், இதையெல்லாம் நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. கடைக்குள் எரியும் மஞ்சள் விளக்கை நான் நம்ப மாட்டேன். துணியைத் தூக்கிக்கொண்டு வாசல் நடைபாதைக்குப் போய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். முதலாளிக்கு அது பிடிக்காது. "தெருவுல போறவன்லாம் பாக்கறான், உள்ள வாம்மா" என்பார். பார்க்கட்டுமே, துணிதானே என்று போய்க்கொண்டிருப்பேன்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர்தான் தாவூது நானா. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், அங்கே அண்ணனை நானா என்பார்கள். ஜாலான் புசாரில் பலகையும் பிளைவுட்டும் விற்று, வீடுகளுக்குச் சுவர்ப் பலகை அடித்துக் கொடுக்கும் கடையில் அவர்தான் எல்லாம். முதலாளி என்று ஒருவர் இருந்தார், ஆனால் அவரே நானாவைக் கேட்டுத்தான் எதுவும் செய்வார். நானா மனைவிக்குத் துணி எடுக்க வந்தவர், நான் வெயிலில் நின்று இரண்டு பச்சைகளை ஒப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "மரத்துக்கும் இப்படிப் பாக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன். வர்றியா தங்கச்சி?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னபோது, "துணி கிழிஞ்சா தைக்கலாம், பலகை காலில் விழுந்தா என்ன செய்வ?" என்று கேட்டார். அடுத்த மாதமே சேர்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தும்மினேன், கையில் சிராய் ஏற்றிக்கொண்டேன், மெராந்தி மரத்துக்கும் நியாத்தோ மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் திட்டு வாங்கினேன். பிறகு தெரிந்துவிட்டது.

நானாவின் திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. சாதாரண நாளில் என்னை வா, போ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "நீங்க இந்தப் பலகைய இங்க வச்சீங்களா? ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு யாரும் அவர் பக்கத்தில் போக மாட்டோம். திரும்ப 'வா' என்று கூப்பிடுவாரா என்று ஏங்க வைத்துவிடுவார்.

வாடிக்கையாளர் வந்தால் உடனே பலகையைக் காட்ட மாட்டார். உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, கேள்வி கேட்பார். வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம்? அந்த அறையில் அதிக நேரம் இருப்பது யார்? சாமி விளக்கு எங்கே எரியும், அதன் புகை எந்தச் சுவரில் படும்? பெண் பார்க்கப் போன வீட்டில் கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். பதில்களைக் கேட்டுக்கொண்டு நான் உள்ளே போய்ப் பலகைகளை எடுத்து வருவேன். எதையும் தரையில் பரப்பிக் காட்டக் கூடாது என்பது அவர் சட்டம். சுவரில் நிற்கப் போவதை நிற்க வைத்துத்தான் காட்ட வேண்டும். அதுவும் நடைபாதைக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில்.

வீட்டுக்குப் போனால் முதலில் சுவரைப் பார்ப்பார். உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். சந்தேகம் வந்தால் பழுப்புக் காகிதத்தை மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார். மறுமுறை போகும்போது காகிதம் அழுத்தமாக ஒட்டியிருந்தால் சுவர் காய்ந்த சுவர். உப்பிக்கொண்டோ நழுவியோ இருந்தால் அந்தச் சுவரில் ஈரம் ஓடுகிறது என்று அர்த்தம். காத்தோங்கில் கடற்கரை ஓரமாக வீடு கட்டியிருந்த ஒரு வியாபாரி வீட்டில் காகிதம் தரையிலேயே கிடந்தது.

"இந்தச் சுவத்துக்கு மரம் வேணாம். சுண்ணாம்பே அழகு" என்றார் நானா.

"நான்தானே கேக்கறேன்? அடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார் வியாபாரி.

"நீங்க கேக்கறீங்க. மரம் கேக்க மாட்டேங்குதே" என்று சிரித்தார் நானா. பிறகு வீட்டைச் சுற்றி வந்து, உள்ளே காய்ந்த சுவராக ஒன்றைக் காட்டி, அதில் அடித்துக் கொடுத்தார். அந்த வியாபாரி அதன் பிறகு தன் மைத்துனர்கள் எல்லோரையும் எங்கள் கடைக்கே அனுப்பினார்.

சுவர் சரியென்றால் பலகைகளை அந்த வீட்டுக்கு அனுப்பி, இடையில் குச்சி வைத்து அடுக்கி, சில நாள் சும்மா விட்டுவிடுவோம். "மரம் வீட்டோட பழகட்டும்" என்பார். பழகாத மரத்தை அவசரப்பட்டு அடித்தால் ஆறு மாதத்தில் வளைந்துகொண்டு நிற்கும். பிறகு சுவரில் குறுக்காக ரீப்பர் கட்டைகளை அடித்து, பின்னால் காற்று போக வழி விட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டு முதல் பலகையை நேராக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் காடி. ஒன்றின் நாக்கை அடுத்ததன் காடிக்குள் செருகிக்கொண்டே போக வேண்டும். நாக்கிலேயே ஆணி அடித்துவிடுவதால் ஆணித் தலை வெளியே தெரியாது. கீழே ஒரு பட்டி, மேலே ஒரு பட்டி வைத்து மூடினால் வேலை முடிந்தது. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது.

இனி அந்தக் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வருகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே புதிதாக வீடு கிடைத்த ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். கமலம், அவள் கணவர் சுந்தரம். இரண்டு பேரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள். ஹாலில் ஒரு சுவர் முழுக்க மரம் வேண்டும் என்றாள் கமலம். புது வீட்டுக்குப் போகிறவர்கள் கட்டில், அலமாரி என்று கேட்பார்கள். சுவரை யார் கேட்கிறார்கள்? நானா வழக்கம்போலத் தேநீர் வரவழைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

கமலம் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளே சொன்னாள்.

"நான் வேற சாதி நானா. இவரோட அம்மா, எங்க அத்தை, கல்யாணத்துக்கு வரல. இன்னைய வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. புது வீட்டுல பால் காய்ச்ச மட்டும் வரேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஆசாரி வீட்டுல பொறந்து ஆசாரி வீட்டுல வாழ்க்கைப்பட்டவங்க. மரம்னா உசிரு. நான் சமைச்சா சாப்பிட மாட்டாங்க, பேசினா காது குடுக்க மாட்டாங்க. சுவத்தையாவது பாப்பாங்கல்ல?"

நானா தேநீர்க் குவளையை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் கமலம். "அடி கீழ இருக்கணும், நுனி மேல இருக்கணும். அவங்க உள்ள வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பாங்க. ஒரு பலகை தலகீழா நின்னாலும் வாசலோட திரும்பிடுவாங்க."

மரம் காட்டில் வேர் கீழாக நின்றது போலத்தான் வீட்டிலும் நிற்க வேண்டும், தலைகீழாக நட்டால் குடும்பமும் தலைகீழாகும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. தூணுக்கும் நிலைக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். ஆசாரி வீட்டார் சின்னச் சட்டத்துக்கும் பார்ப்பார்கள். நானாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்து வீடு, சீனர் வீடு எதுவானாலும் எங்கள் கடைப் பலகை அடி கீழாகத்தான் நிற்கும். "அவங்க வீட்டுல அவங்கதான தூங்கப் போறாங்க? அவங்களுக்குத் தூக்கம் வரணும்" என்பார். கமலத்திடம், "மரம் காட்டுல நின்ன மாதிரியே உங்க வீட்டுலயும் நிக்கும்மா" என்று வாக்குக் கொடுத்தார்.

நான் சிவப்பு மெராந்தியில் ஒரே மரத்திலிருந்து அறுத்த பலகைகளாகப் பார்த்து எடுத்தேன். அறுத்த பலகையில் அடி எது என்று கண்டுபிடிப்பது மந்திரம் இல்லை. அகலமாக அறுத்த பலகையில் மரத்தின் வரிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோபுரம் போல எழும்பியிருக்கும். கோபுரத்தின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது நுனி. பலகைகளை நிறம் சேரும் வரிசையில் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் அடிப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் வரிசை எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'அடி' என்று எழுதுவேன். கடையில் இருந்த சீனத் தச்சர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு எழுத்து அத்துப்படி. அது தரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேலைக்குப் போனவர் ஆ லெங். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தச்சர். நல்ல கைகாரர். அதற்கு முன் காலாங்கில் ஒரு தமிழர் மரவாடியில் பல வருஷம் இருந்தவர் என்பதால் அவருக்கும் அந்த எழுத்து தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பார், தப்பித்திருப்போம்.

அது நோன்பு மாதம். பால் காய்ச்ச இரண்டு நாள் இருந்தது. ஆ லெங் பலகை அடித்து முடித்துவிட்டார் என்று சேதி வர, நானாவும் நானும் பார்க்கப் போனோம். நானா வேலையைப் பார்க்கும் விதமே தனி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, நேராகப் போய் அறை நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேச மாட்டார். வீட்டுக்காரர்கள் அப்படித்தானே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அன்றும் உட்கார்ந்தார். ஆ லெங் பெருமையோடு ஓரமாக நின்றார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஒரு இடுக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, இங்க வந்து உக்காரு. கோபுரத்தைப் பாரு" என்றார் நானா.

பார்த்தேன். கோபுரம் எல்லாம் தரையைப் பார்த்து நின்றன. ஒன்றிரண்டு இல்லை, சுவர் முழுக்க.

ஆ லெங்குக்கும் எங்களுக்கும் பேச்செல்லாம் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். 'அடி' என்று எழுதிய பக்கம் ஏன் மேலே போனது என்று நானா கேட்டார்.

"அது அளவுதானே?" என்றார் ஆ லெங். "காலாங்கில் பலகையை நிற்க வைத்து, எட்டு அடி, பத்து அடி என்று தலைப்பக்கம் எழுதி வைப்பார்கள். எழுத்து இருக்கிற பக்கம் தலை."

"அப்படின்னா இருபத்து மூணு அடின்னு எழுதியிருக்கே, அது?" என்றேன். அது இருபத்து மூன்றாவது பலகை.

"நானும் யோசித்தேன். நான் கை தூக்கினால் எட்டுகிற உயரம்தான், இருபத்து மூன்று அடி என்கிறார்களே என்று. அது உங்கள் கடைக் கணக்கு, எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன் லா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடி என்ற சொல் மரத்தின் காலுக்கும் அதுதான், அளவுக்கும் அதுதான். தமிழ் படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அவருக்குத் தெரிந்தது பாதித் தமிழ், அந்தப் பாதியில் அளவு மட்டும்தான் இருந்தது. விஷயம் புரிந்ததும் அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "எங்கள் ஊரிலும் தூணைத் தலைகீழாக நட மாட்டோம். சுவர்ப் பலகைக்கும் பார்ப்பார்கள் என்று தெரியாது" என்றார். நானா என்ன சொல்வாரோ, 'நீங்க' என்று ஆரம்பிப்பாரோ என்று நான் பயந்தேன். மலாயில் அந்த மரியாதைக்கு வழி இல்லை என்பது வேறு. நானா எழுந்து அவர் தோளில் கை வைத்து, "நீ கற்றுக்கொண்டபடிதான் எழுத்தைப் படித்தாய். வா, கழற்றுவோம்" என்றார்.

அதற்குள் சுந்தரம் பள்ளியிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடுங்க நானா. கழட்டினா ஒடைஞ்சிடும். நாள் வேற இல்ல. அம்மாவுக்கு முன்ன மாதிரி கண்ணு தெரியறதில்ல, கவனிக்க மாட்டாங்க" என்றார்.

"அவங்க கண்ணுக்காக இல்ல தம்பி. உங்க வீட்டம்மா கேட்டாங்க, நான் சரின்னு சொன்னேன்" என்றார் நானா.

பின்னாலேயே வந்து நின்ற கமலம் சுவரைப் பார்த்தபடி, "எத்தனை பலகை?" என்று கேட்டாள்.

"எல்லாமேம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நானா அப்படிச் செய்யவில்லை. எல்லாப் பலகையும் திரும்பும், சுவிட்சுக்காகத் துளை வெட்டிய இரண்டு பலகை மட்டும் திரும்பாது, திருப்பினால் துளை வேறு உயரத்துக்குப் போய்விடும், அந்த இரண்டுக்கும் அதே மரத்தில் வேறு பலகை தேட வேண்டும், கிடைக்குமா என்று இப்போது தெரியாது என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். "தேடிப் பாத்துட்டு உங்ககிட்டயே வந்து சொல்றேன்" என்றார்.

கழற்றுவது அடிப்பதை விடக் கடினம். கடைசிப் பலகையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு, மர ஆப்பைச் செருகி, ஆணியோடு பலகையை மெதுவாக அசைத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு உடைந்துவிடும், அந்தப் பலகை விறகுக்குத்தான். நானாவும் ஆ லெங்கும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மதிய வெயிலில் ஹால் அடுப்பாகக் கொதித்தது. நானாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, உதடு வெடித்திருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. அவர் முன்னால் குடிக்கக் கூசி நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். "இங்கயே குடி தங்கச்சி. உனக்கு நோன்பு இல்லியே" என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் பல பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். யாரைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு அந்த வெடித்த உதடுதான் முதலில் நினைவுக்கு வரும்.

தலை மாறினால் சீவிய ஓரம் மறுபக்கம் போய்விடும் என்பதால், மூலைகளில் ஓரம் சீவிய முதல் பலகையும் கடைசிப் பலகையும் இடம் மாறிக்கொண்டன. மற்றவை அவை நின்ற இடத்திலேயே தலை மாறி நின்றன. ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

மறுநாள் அந்த இரண்டைத் தேடினேன். கிடங்கில் அந்த மரத்தில் ஒரு துண்டு மிச்சம் இல்லை. வேறு மெராந்தியைக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை, ஒன்று வெளிறியது, ஒன்று கறுத்தது. சலித்துப் போய் நடைபாதையில் நின்றவள் கடை முகப்பைப் பார்த்தேன். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முகப்புச் சுவரில் மாதிரிக்கு அடித்து வைத்த பலகைகள். அதே மரம். முதலாளி தன் கையால் பாலிஷ் போட்டு, தினமும் துடைக்கும் சுவர் அது.

நானாவிடம் காட்டினேன். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார். கழற்றிக் கழற்றி மாட்டுவதற்காக அந்த மாதிரிப் பலகைகளை மட்டும் முகத்திலேயே திருகாணி போட்டு வைத்திருந்தோம். நிறம் சேரும் இரண்டை நான் சொல்லச் சொல்லக் கழற்றினார்.

"முதலாளி கேட்டா என்ன சொல்றது நானா?"

"குவீன்ஸ்டவுன் வரைக்கும் நடந்து போயிருக்குன்னு சொல்லு" என்றார்.

பாலிஷைச் சுரண்டி, புதிதாக இழைத்து, திருகாணித் துளைகளுக்கு அதே மரத்தில் முளை செதுக்கி அடைத்து, அந்த இரண்டையும் வைத்தார்கள். கீழ்ப் பட்டியின் கடைசித் துண்டைப் பால் காய்ச்சும் நாள் காலையில் அடித்து முடித்தார்கள். விருந்தாளி வருமுன் கிளம்ப வேண்டும் என்று நானாவும் ஆ லெங்கும் சாமான்களோடு கீழே இறங்கி, படிக்கட்டுப் பக்கம் லாரிக்குக் காத்திருந்தார்கள். கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இருங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இருந்தேன்.

மாமியார் வந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. பால், பால் பாத்திரம், டம்ளர்கள் எல்லாம் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். இந்த வீட்டுத் தண்ணீர்கூடத் தன் நாவில் படாது என்பதைச் சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. வாசலில் நின்றபடியே மகனிடம், "டாக்சி கீழ நிக்கட்டும். பால் பொங்கினதும் கெளம்பிடுவேன்" என்றார். கமலம் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

உள்ளே வந்தவர் சுவரின் முன்னால் நின்றார். மகன் சொன்னது பொய், கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நடந்து, குனிந்து, நிமிர்ந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "அடி கீழதான் இருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி அவர் விரல் சுவிட்சுப் பக்கம் போய் நின்றது. "இந்த ரெண்டு பலகைல மட்டும் ஏன் முளை அடிச்சிருக்கு?"

சுந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமலம் முந்திக்கொண்டாள்.

"முந்தாநேத்து வரைக்கும் சுவரு பூரா தலகீழா இருந்துச்சு அத்தை. எழுத்தைப் பாத்துத் தப்பா அடிச்சிட்டாங்க. பூராவும் கழட்டித் திருப்பி வச்சாங்க. இந்த ரெண்டும் அவங்க கடைச் சுவத்துலேருந்து கழட்டிட்டு வந்தது."

போச்சு என்று நினைத்தேன். தலைகீழாக நின்ற மரம் என்று தெரிந்த பிறகு இவர் பால் காய்ச்சுவாரா?

"தலகீழா இருக்குன்னு யாரு கண்டுபிடிச்சா? நீயா?" அந்தம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல அத்தை. எனக்குத் தெரியவே தெரியாது. செஞ்சு குடுத்தவங்களே சொன்னாங்க."

"அவங்களேவா?"

"ஆமா. சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அந்தம்மா முளைகளை மறுபடி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கியது. முதல் டம்ளரைச் சாமிக்கு வைத்துவிட்டு, "எங்க அவங்க? கூப்பிடு. வேலை செஞ்சவங்க வாங்கிக்காம நாம குடிக்கக் கூடாது" என்றார்.

நான் ஓடிப் போய் அழைத்து வந்தேன். ஆ லெங் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். நானா டம்ளரைக் கையில் வாங்கவில்லை.

"சந்தோஷம்மா. தப்பா நெனக்காதீங்க. நோன்பு" என்றார்.

"அட ஆமா, நோன்பு மாசம்ல." அந்தம்மா டம்ளரை மேசையில் வைத்தார். "முந்தாநேத்தும் நோன்புதானே தம்பி?"

"ஆமாம்மா."

"இத்தனை பலகையையும் அப்படியேவா கழட்டினீங்க?"

நானா சிரித்தார். அந்தம்மா அவர் உதட்டைப் பார்த்தார். "எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"

"பொழுது சாயணும்மா."

அந்தம்மா மகன் பக்கம் திரும்பினார். "டாக்சிக்காரரைப் போகச் சொல்லு. காலைல பொங்கினது வீட்டுக்கு. சாயங்காலம் இவருக்கு ஒரு தடவை பொங்கட்டும்."

பகல் முழுவதும் அவர் அந்த வீட்டில் இருந்தார். சுவருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, தன் கணவர் கட்டிய கதவுகளைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சாப்பிடவில்லை. கமலமும் கேட்கப் பயந்துகொண்டு சாப்பிடாமல் இருந்தாள். கடைக்குப் போய்விட்டு, அந்தம்மா சொன்னபடியே நானா ஆ லெங்கையும் கூட்டிக்கொண்டு பொழுது சாயும் நேரத்துக்கு வந்தார். ரேடியோவில் மலாய் நிலையத்தில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. அந்தம்மா பொங்கிய பாலை ஆற்றி, சீனி போட்டுத் தன் கையாலேயே கொடுத்தார். நானா கைலி மடிப்பிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்துவிட்டு, பிஸ்மில்லா என்று சொல்லிப் பாலைக் குடித்தார். அவ்வளவு மெதுவாக ஒருவர் பால் குடித்து நான் பார்த்ததில்லை.

காலி டம்ளரை வாங்கிக்கொண்ட அந்தம்மா சமையலறை வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தார்.

"ஒல வச்சிட்டியா?"

கமலம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"போய் வை. எனக்கும் சேத்து அரிசி போடு."